கார் இல்லாத பர்கண்டி: போன் முதல் மாக்கோன் வரை சைக்கிளில்

‘ரூத் தே கிரான் க்ரூ’ என்று எழுதிய பழுப்பு நிறப் பலகை கண்ணில் பட்டால், அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்பாதீர்கள். பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டிக்கு முதல்முறை போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். பெயர் என்னவோ உயர்ந்த ஒயின்களின் பாதை. ஆனால் 1937ல் அதை வகுத்தது காரில் வருகிறவர்களுக்காக. பக்கத்தில் ஓடும் டி974 சாலை இன்னும் மோசம். வரைபடத்தில் நேராகத் தெரிகிறதே என்று முதல் பயணத்தில் நான் அதில்தான் போனேன். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் அதன் காற்று ஹேண்டில்பாரை ஒரு தள்ளு தள்ளியது. இரண்டு பக்கமும் உலகப் புகழ்பெற்ற திராட்சைத் தோட்டங்கள். நான் பார்த்தது சாலையோர வெள்ளைக் கோட்டை மட்டும்தான்.

சத்தமில்லாமல் போக வேண்டுமானால், காருக்காகப் போடாத வழியைத் தேட வேண்டும். பர்கண்டியில் அப்படி மூன்று வகை வழிகள் ஒன்றோடொன்று கோர்த்தாற்போல அமைந்திருக்கின்றன. கொடிகளுக்கு நடுவே ட்ராக்டர் போக வர இருக்கும் தடம், படகை இழுத்த குதிரைகள் ஒரு காலத்தில் நடந்த கால்வாய்க் கரை, ரயில் நின்றுபோன பிறகு தார் போட்ட பழைய ரயில் தடம். போன் நகரத்தில் தொடங்கி மாக்கோன் நகரத்தில் முடித்தால் மூன்றையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம். (ஊர்ப் பெயரே போன்தான். குழப்பம் வேண்டாம் என்று இந்தக் கட்டுரை முழுக்கக் கைபேசியைக் கைபேசி என்றே எழுதுகிறேன்.)

எத்தனை நாள் வேண்டும்

ஷாலோன் வழியாகச் சுற்றிப் போனால் மொத்தம் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பழகியவர்கள் ஒரே நாளில் முடிப்பார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை. வாரத்துக்கு ஒருமுறை சைக்கிள் எடுப்பவர் என்றால் நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் போனிலிருந்து ஷான்யி, 27 கிலோமீட்டர் அளவுக்கு. இரண்டாம் நாள் ஷாலோனைத் தொட்டுக்கொண்டு ஜிவ்ரி, 30 கிலோமீட்டர். மூன்றாம் நாள் ஜிவ்ரியிலிருந்து க்ளூனி, 44. கடைசி நாள் மாக்கோன், 25 சொச்சம்.

முதல் நாள் 27தானா என்று நினைக்காதீர்கள். அந்த 27தான் இந்தப் பயணத்திலேயே அதிகம் மூச்சு வாங்கவைக்கும். தவிர, அங்கே நின்று பார்க்க வேண்டியது நிறைய.

எந்த மாதம்

மே, ஜூன், அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. ஜூலை, ஆகஸ்ட் போகலாம்தான். ஆனால் திராட்சைத் தோட்டத்தில் நிழல் என்ற பேச்சே கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுத் தலைக்கு மேல் கொடியைப் படரவிடுவார்கள், அடியில் நடந்தால் வெயில் தெரியாது. இங்கே கொடி மார்பு உயரத்தைத் தாண்டுவதில்லை. கம்பியில் கட்டி, மீட்டருக்கு ஒன்றாக, ஹெக்டேருக்கு பத்தாயிரம் வரை நட்டிருப்பார்கள். நடுவே நிற்கிறவர்தான் சுற்று வட்டாரத்திலேயே உயரமான மரம்.

அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில் நடக்கும். பார்க்க அழகான காலம்தான், ஆனால் சைக்கிளுக்குக் கொஞ்சம் தொல்லை. தடம் முழுக்க ட்ராக்டர்கள், தரையில் நசுங்கிய பழம், மழை பெய்தால் வழுக்கும் சேறு. நவம்பர் மூன்றாம் ஞாயிறை ஒட்டிய வார இறுதியில் போன் பக்கமே போகாதீர்கள். 1859லிருந்து அங்கே நடக்கும் ஒயின் ஏலம் அன்றைக்குத்தான். ஊரில் ஒரு கட்டில் காலியாகக் கிடைக்காது.

சைக்கிள் விஷயம்

சொந்த சைக்கிளைக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. டி.ஜி.வி. எனப்படும் அதிவேக ரயிலில் சைக்கிளுக்குத் தனியாக இடம் பதிய வேண்டும். எல்லா டி.ஜி.வி.யிலும் இடம் இருக்காது. அதனால் நான் டி.இ.ஆர். எனப்படும் வட்டார ரயிலையே பிடிக்கிறேன். திஜோனுக்கும் லியோனுக்கும் இடையே ஓடும் வண்டி போன், ஷான்யி, ஷாலோன், மாக்கோன் எல்லாவற்றிலும் நிற்கிறது. இந்தப் பயணத்தின் பெரிய வசதியே இதுதான். கால் வலித்தாலும், மழை பிடித்துக்கொண்டாலும், ஷாலோன் வரைக்கும் ரயில் நிலையம் எப்போதும் எட்டும் தூரத்தில் இருக்கும். ஷாலோனைத் தாண்டிய பிறகு இந்த வசதி மாக்கோன் வரை கிடையாது. முடிவெடுப்பதென்றால் ஷாலோனிலேயே எடுத்துவிடுங்கள்.

வாடகைக்கு எடுப்பதானால் போனிலேயே கிடைக்கும். கடையை விட்டு வெளியே வருவதற்குள் மூன்றைப் பாருங்கள்.

ஒன்று, பிரேக். நம் ஊரில் வலக்கைப் பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்கும். பிரான்சில் பெரும்பாலும் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரம். பழக்கதோஷத்தில் இறக்கத்தில் இடக்கையை அழுத்தினால் ஆள் ஹேண்டில்பாருக்கு மேலே போய்விடுவார். கடைக்கு முன்னாலேயே நான்கு சுற்று ஓட்டி, கைக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். அங்கே சாலையின் வலப்பக்கமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்து பழகட்டும். காலையில் தூக்கக் கலக்கத்தோடு காலியான தெருவில் இறங்கும்போதுதான் கை தானாக இடப்பக்கம் போகும்.

இரண்டு, டயர். 23 மில்லிமீட்டர் ஒல்லி டயர் வேண்டாம். 28க்கு மேல், 32 இருந்தால் சுகம். முழுக்கத் தார்ச்சாலை என்று சொன்னாலும் முதல் நாள் தடத்தில் சிமெண்ட், சரளை எல்லாம் வரும். ரயில் தடத்தில் மர வேர்கள் தாரைத் தூக்கியிருக்கும்.

மூன்று, பம்ப். அங்கே பல சைக்கிள்களில் ஒல்லியான, நுனியைத் திருகித் திறக்கிற ‘பிரெஸ்டா’ வால்வு இருக்கும். கொடுக்கிற பம்ப் அதற்குப் பொருந்துகிறதா என்று காற்றடித்துப் பார்த்துவிட்டே வாங்குங்கள். கூடவே ஒரு மாற்று டியூபும் வேண்டும். கொடிகளை வெட்டிவிட்ட பிறகு கம்பித் துண்டும் காய்ந்த குச்சியும் தடத்தில் கிடக்கும். என் பஞ்சர்களில் பாதி அப்படி வந்தவைதான்.

பேட்டரி சைக்கிளை வெட்கப்படாமல் எடுக்கலாம். 25 கிலோமீட்டர் வேகத்தோடு உதவியை நிறுத்திக்கொள்ளும் வகைக்கு இந்தப் பாதைகளில் தடையில்லை. மணி கட்டாயம், சட்டப்படியே கட்டாயம். ஹெல்மெட் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத்தான் சட்டம். நீங்களும் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது கையில் கைபேசியோ காதில் இயர்போனோ இருந்தால் 135 யூரோ அபராதம். கொடிக்கு நடுவே யார் பார்க்கப்போகிறார்கள் என்று தோன்றும். பின்னால் வரும் ட்ராக்டர் சத்தம் கேட்க வேண்டாமா?

முதல் நாள்: ட்ராக்டர் தடம்

போனில் காலையில் கிளம்புமுன் ஒத்தேல்-தியுவைப் பார்த்துவிடுங்கள். 1443ல் நிக்கோலா ரோலான் ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. முற்றத்தில் நின்று கூரையைப் பார்த்தால் சிவப்பு, மஞ்சள், பச்சை, கரும்பழுப்பு ஓடுகளைப் பாய் முடைந்ததுபோல அடுக்கியிருப்பார்கள். மேலே சொன்ன ஏலம் இந்த அறக்கட்டளையின் தோட்டத்து ஒயினைத்தான் விற்கிறது.

பிறகு ஊரின் மேற்கே பூசேஸ் பூங்காவுக்குப் போங்கள். ‘வ்வா தே வீன்ய்’, அதாவது திராட்சைக் கொடிகளின் வழி, அங்கேதான் தொடங்குகிறது. சான்த்னே வரை 22 கிலோமீட்டர். பூங்காவைத் தாண்டி சில நிமிடங்களிலேயே கொடிகளுக்குள் நுழைந்துவிடுவீர்கள். வெள்ளைப் பலகையில் பச்சை சைக்கிள் படம்தான் வழிகாட்டி. ஊருக்குள் நுழையும் இடங்களில்தான் அதைத் தவறவிடுவோம். கிராமத்துச் சந்துகளில் பலகை ஒரு சுவரின் மூலையில் கைக்குட்டை அளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். வழி தவறினால் பதற வேண்டாம். தேவாலயத்துக்கு முன்னால் போய் நின்று பாருங்கள், பெரும்பாலும் அங்கே அடுத்த பலகை கிடைக்கும்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது முழுக்க வண்டிகளே வராத பாதை இல்லை. தோட்டக்காரர்களின் வேலைத்தடம். நாம்தான் அங்கே விருந்தாளி. எதிரே வருவது சாதாரண ட்ராக்டராகவும் இருக்காது. கொடி வரிசை ஒன்றைக் கால்களுக்கு நடுவே விட்டுக்கொண்டு, காலை அகட்டி நின்று நடக்கும் உயரமான வண்டி. ஓட்டுகிறவர் மாடியில் உட்கார்ந்திருப்பதுபோல மேலே இருப்பார். தடத்தின் அகலமே அந்த வண்டியின் அகலம்தான். ஓரமாக இறங்கி நின்று, கையைத் தூக்கி ‘போன்ஷூர்’ சொல்லுங்கள். அவரும் கை தூக்குவார்.

மருந்தடிக்கிறார்கள் என்றால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அவர்கள் முடித்து நகரும்வரை தள்ளியே நில்லுங்கள். இலைகளில் நீலம் பூத்திருந்தால் அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. நம் ஊர் விவசாயிகளுக்கும் இதே பெயரில் தெரிந்த மருந்து. அது பிறந்த கதை சைக்கிள்காரர்களுக்குப் பிடிக்கும். 1880களில் போர்டோ பக்கத்துத் தோட்டக்காரர்கள், வழிப்போக்கர்கள் பழத்தைப் பறித்துத் தின்னாமல் இருக்க, சாலையோரக் கொடிகளில் மட்டும் இந்தக் கலவையைத் தெளித்து அசிங்கமாக்கி வைத்தார்கள். உள்ளே இருந்த கொடிகளை அடிச்சாம்பல் நோய் தின்றது, சாலையோரக் கொடிகள் பிழைத்தன. மில்லார்தே என்ற தாவரவியலாளர் அதைக் கவனித்து, சோதித்து, 1885ல் மருந்தாகவே அறிவித்தார். ஆக, சாலையோரப் பழத்தில் கை வைக்காதீர்கள். 140 வருஷமாக அது நமக்காகத்தான் தெளிக்கப்படுகிறது.

போனுக்கு அடுத்து பொமார், வோல்னே, மெர்சோ, புலின்யி-மோன்ராஷே, ஷசான்ய்-மோன்ராஷே, சான்த்னே என்று ஊர்கள் வரும். பொமார், வோல்னே இரண்டும் பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையின் ஊர்கள், சிவப்பு ஒயின். மெர்சோவிலிருந்து ஷார்தொனே, வெள்ளை. வோல்னே பக்கம் ஏற்றங்கள் குட்டையாக, செங்குத்தாக இருக்கும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். நடுவில் குறைத்தால் செயின் கழன்றுகொள்ளும். இறங்கித் தள்ளினாலும் ஒன்றும் குறையில்லை. இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். மழைத்தண்ணீர் வடிய சிமெண்ட் தடத்தின் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருப்பார்கள், நேராகக் கடக்க வேண்டும், சாய்வாகக் கடந்தால் சக்கரம் மாட்டும்.

மெர்சோவின் ஊர்மன்றக் கூரையிலும் அதே வண்ண ஓடுகள். அந்தச் சதுக்கம் மதியச் சாப்பாட்டுக்கு நல்ல இடம்.

புலின்யிக்கும் ஷசானுக்கும் ‘மோன்ராஷே’ என்ற வால் 1879ல் சேர்ந்தது. இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 8 ஹெக்டேர் பரப்பில் மோன்ராஷே என்ற பேர்பெற்ற தோட்டம் கிடக்கிறது. இரண்டு ஊரும் அந்தப் பெயரைத் தங்கள் பெயரோடு ஒட்டிக்கொண்டன. பாதையில் நின்று சரிவை மேலே பாருங்கள். அடியில் சமதளத்தில் விளைவது சாதாரண ஒயின். சரிவின் நடுவயிற்றில் விளைவதுதான் விலைக்குப் பெரியது. உச்சிக்குப் போனால் மண் ஒல்லியாகி, காடு தொடங்கிவிடும். மேலே நிற்கும் கொடிக்கும் நம் கால் பக்கத்தில் நிற்கும் கொடிக்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒரு பாட்டில் விலையில் அது பத்து மடங்குக்கும் மேல் தெரியும். இப்படி எல்லை பிரித்துப் பெயர் வைத்த துண்டுகளை ‘க்ளிமா’ என்கிறார்கள். 2015ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின 1,247 துண்டுகள். காரில் போகிறவர்களுக்கு இது பேச்சளவில்தான் புரியும். சைக்கிளில் போனால், சுவருக்குச் சுவர் மாறும் பெயர்க் கற்களைப் படித்துக்கொண்டே போகலாம்.

சான்த்னேயில் கொடிகளின் வழி முடிந்து கால்வாய் வருகிறது. அங்கிருந்து ஷான்யி ஐந்து கிலோமீட்டர்.

இரண்டாம் நாள்: கால்வாய்க் கரை

இதில் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் இதன் சுகம். லுவார் நதியையும் சோன் நதியையும் இணைக்க 1790களில் திறந்த சென்டர் கால்வாய் இது. கரையில் குதிரைகள் படகை இழுத்தன. அதனால் ஏற்றமே இல்லை, மதகு வரும் இடங்களில் மட்டும் ஒரு சிறு இறக்கம். ஷாலோன் பக்கம் போகும்போது எல்லாமே இறக்கம்தான். யூரோவெலோ 6 என்ற நெடுவழியின் ஒரு துண்டு இது. நீலப் பலகையில் மஞ்சள் நட்சத்திரங்களுக்கு நடுவே 6 என்று போட்டிருக்கும். அட்லாண்டிக் கரையிலிருந்து ருமேனியாவில் கருங்கடல் வரை போகிறது. பின்னால் நான்கு பை தொங்க, கறுத்துப்போன முகத்தோடு யாராவது எதிரே வந்தால் அவர் எங்கேயிருந்து வருகிறார் என்று கேளுங்கள். பதில் நம் 130 கிலோமீட்டரைச் சுருக்கிவிடும்.

ஆபத்து என்று பார்த்தால் தூண்டில்தான். மீன் பிடிக்கிறவர்கள் நீளமான தூண்டில் கழியைப் பாதையின் குறுக்கே கிடத்திவைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்தே மணி அடியுங்கள்.

ஷாலோனில் ஒரு மணி நேரமாவது இறங்குங்கள். புகைப்படக் கலையைத் தொடங்கிவைத்த நிசெஃபோர் நியெப்ஸ் பிறந்த ஊர் இது, 1765. சோன் நதிக்கரையிலேயே அவர் பெயரில் அருங்காட்சியகம் இருக்கிறது. புகைப்படத்துக்காக அவரை எல்லோருக்கும் தெரியும். மிதியில்லாத, காலால் உந்தித் தள்ளும் அந்தக் கால மர சைக்கிளையும் 1818 வாக்கில் அவர் கையிலெடுத்து, சீட்டை உயர்த்தித் தாழ்த்தும்படி மாற்றியமைத்தார் என்பது பலருக்குத் தெரியாது. வாடகை சைக்கிளில் சீட் உயரத்தைச் சரிசெய்யும்போது அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஷாலோனிலிருந்து ஜிவ்ரி பத்து கிலோமீட்டருக்குள். நகரத்தை விட்டு வெளியேறும் பகுதிதான் பயணத்திலேயே சலிப்பானது. சுற்றுவட்டச் சந்திப்புகள், பெரிய கடைகள். பலகையைப் பிடித்துக்கொண்டு கடந்துவிடுங்கள்.

மூன்றாம் நாள்: ரயில் தடம்

குழந்தைகளோடு வருகிறவர்கள், சைக்கிளே புதிது என்பவர்கள் மற்ற நாட்களை விட்டுவிட்டு இதை மட்டும் செய்தாலும் போதும். ஜிவ்ரியிலிருந்து க்ளூனி வரை 44 கிலோமீட்டர். பழைய ரயில் தடத்தின் மேல் 1997ல் திறந்தது. பிரான்சின் முதல் ‘வ்வா வெர்த்’, பசுமை வழி, என்ற பெயர் இதற்குத்தான். சக்கரம் உள்ள எந்த மோட்டார் வண்டிக்கும் அனுமதி கிடையாது. ரயிலால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் ஏற்றம் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது, காலுக்கு மட்டும் லேசாகத் தெரியும்.

நடப்பவர், ஸ்கேட்டிங் செய்பவர், குதிரையில் வருபவர், தள்ளுவண்டியில் குழந்தை, எல்லோரும் இதில் உண்டு. முன்னுரிமை அவர்களுக்கு. சாலையைக் கடக்கும் இடங்களில் இரும்புத் தடுப்புகளை வளைத்து வைத்திருப்பார்கள், அங்கே பெரும்பாலும் நாம்தான் நிற்க வேண்டும். அப்புறம், பாதையை விட்டுக் கிராமத்துக்குள் போகும்போது பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே வழி என்பது பிரெஞ்சுச் சட்டம். சின்னச் சந்திலிருந்து வரும் கார் நிற்காமல் வரும். அவர் பேரில் தப்பில்லை.

முதலில் புஸ்ஸி. எழுத்தில் எக்ஸ் இருந்தாலும் சொல்வது இப்படித்தான். 1931ல் தொடங்கிய திராட்சை விவசாயிகளின் கூட்டுறவுக் கிடங்கு இங்கே இருக்கிறது. பெரிய தோட்டங்களின் வாசலில் மணியடிக்கக் கூச்சப்படுகிறவர்களுக்குக் கூட்டுறவுதான் சரி. கடைபோல உள்ளே போகலாம், ருசி பார்க்கலாம், வாங்காமலும் வரலாம். பக்கத்துச் சரிவில் விளையும் ‘மோன்தான்யி’ வெள்ளை ஒயின் மெர்சோவின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

அடுத்து சான்-ஷான்கு-ல-நசியோனால். பெயரின் கடைசியில் முன்பு ‘ரோயால்’, அதாவது அரசருடையது என்றிருந்தது. அரசர் போனதும் ‘தேசிய’ ஆக்கிவிட்டார்கள். பழைய தெருக்களில் ஒரு சுற்று சுற்றினால் இருபது நிமிடம். கோர்மாத்தானில் அகழி சூழ்ந்த 17ஆம் நூற்றாண்டு மாளிகையும் தோட்டமும் உண்டு. அதைத் தாண்டினால் இடப்பக்கமோ வலப்பக்கமோ எங்கேயாவது இளைஞர் கூட்டம் முதுகுப்பையோடு நடந்துகொண்டிருக்கும். தேஸே மேட்டுக்குப் போகிறவர்கள். 1940ல் சகோதரர் ரோஜே வந்து தங்கிய கிராமம். அவர் தொடங்கிய துறவிகள் குழுவைத் தேடிக் கோடையில் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள்.

க்ளூனியில் தங்குங்கள். 910ல் தொடங்கிய மடம். இதன் மூன்றாவது தேவாலயம், ரோமில் புதிய புனித பேதுரு பேராலயம் எழும்வரை கிறித்தவ உலகத்திலேயே மிகப் பெரியது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு விற்று, கல் கல்லாகப் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். இன்றைக்கு நிற்பது குறுக்குக் கூடத்தின் தெற்குக் கையும் சில துண்டுகளும்தான். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். மிச்சம் எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் நாள்: சுரங்கம்

க்ளூனியை விட்டுக் கிளம்பினால் சில கிலோமீட்டரில் புவா க்ளேர் சுரங்கம். ரயில் போன சுரங்கம், 1.6 கிலோமீட்டர் நீளம். உள்ளே விளக்கு இருக்கிறது. இருந்தாலும் உங்கள் விளக்கையும் போட்டுக்கொள்ளுங்கள், எதிரே வருகிறவருக்கு நீங்கள் தெரிய வேண்டும். ஜூன் மாத வெயிலில் வியர்த்துப்போய் உள்ளே நுழைந்தால் பல் தந்தியடிக்கும். வாசலிலேயே நின்று ஜாக்கெட்டைப் போடுங்கள். குளிர்கால மாதங்களில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், வௌவால்கள் உள்ளே உறங்குகின்றன. அப்போது மலைக்கு மேலே ஏறி இறங்க வேண்டும். இந்த ஒரு காரணத்துக்காகவே குளிர்காலப் பயணம் வேண்டாம் என்பேன்.

மறுபக்கம் வெளியே வந்தால் காட்சியே மாறிவிடும். மேட்டின் மேல் கோட்டை, மறுபடி கொடிகள், இது மாக்கோனே வட்டாரம். பெர்ஸே-லா-வீல் கிராமத்தில் க்ளூனித் துறவிகளின் சின்னஞ்சிறு ஆலயம் ஒன்று இருக்கிறது. உள்ளே சுவரோவியம். க்ளூனியில் இடிந்துபோன தேவாலயத்தின் சுவர்களில் எப்படி வரைந்திருப்பார்கள் என்பதை இங்கேதான் ஊகிக்க முடியும். கொஞ்சம் ஏற வேண்டியிருக்கும், ஏறலாம். பசுமை வழி மாக்கோனை ஒட்டிய ஷார்னேயில் முடிகிறது, அங்கிருந்து ரயில் நிலையம் வரை நகரத் தெரு.

சாப்பாடும் தண்ணீரும்

இங்கேதான் புதியவர்கள் விழுவார்கள். சாலையில் இல்லை. நான் ஒரு திங்கட்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு ஒரு கிராமத்துக்குள் நுழைந்தேன். உணவகத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக் கடையில் ‘திங்கள் விடுமுறை’. பையில் இருந்தது ஒரு வாழைப்பழமும், பிசுபிசுத்துப்போன கடலைமிட்டாய் ஒன்றும். அடுத்த பதினைந்து கிலோமீட்டர் எப்படிப் போனது என்பதை எழுத விரும்பவில்லை.

மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. ஒன்றரைக்குப் பிறகு போனால் அடுப்பு அணைந்திருக்கலாம். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பெரும்பாலும் கதவு மூடியிருக்கும். காலையில் கிளம்பும் ஊரிலேயே ரொட்டியும் சீஸும் வாங்கிப் பையில் போடுங்கள், பசிக்காவிட்டாலும். சனிக்கிழமை போனிலும் க்ளூனியிலும் சந்தை கூடும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். பச்சைக் கீரை சாலட் என்று வரும், மேலே பொரித்த பன்றித் துண்டுகளைத் தூவியிருப்பார்கள். ஒயின் குழம்பில் முட்டையை வேகவைக்கும் ‘அ ஆன் மெரெத்’ பர்கண்டியின் பெருமை, அதிலும் அதே கதை. ‘சான் லார்தோன்’ என்று சொல்லிப் பழகுங்கள், பன்றித் துண்டு வேண்டாம் என்று பொருள். முட்டையும் சீஸும் ஆகும் என்றால் ரொட்டிக் கடைகளில் ‘குஷேர்’ கேளுங்கள். சீஸ் கலந்து சுட்ட உப்பலான பண்டம், நான்கு சாப்பிட்டால் இருபது கிலோமீட்டர் தாங்கும்.

தண்ணீருக்கு ஒரு வழி உண்டு. எந்தக் கிராமத்திலும் கல்லறைத் தோட்டத்தின் வாசலருகே குழாய் இருக்கும், பூச்செடிக்கு ஊற்ற. ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. அப்படி எதுவும் எழுதாத குழாயில் பிடித்துக்கொள்வது சைக்கிள்காரர்களின் பழைய வழக்கம். மனசு ஒப்பவில்லை என்றால் முகத்தில் ஊற்றிக்கொள்ள மட்டும் வைத்துக்கொண்டு, குடிக்க உணவகத்தில் கேளுங்கள். கல்லறைக்குள் போய்த் தண்ணீர் பிடிப்பதா என்று முதல் தடவை எனக்கும் தயக்கமாகத்தான் இருந்தது. எப்படியும் சாயங்காலம் போய்த் தலைக்கு ஊற்றிக்கொள்ளத்தானே போகிறோம்.

குடித்துவிட்டு ஓட்டலாமா

ஒயின் ஊருக்குப் போய் ருசி பார்க்காமல் வருவது கஷ்டம்தான். ஆனால் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் மது என்ற எல்லை பிரான்சில் சைக்கிளுக்கும் பொருந்தும். அபராதமும் உண்டு. ருசி பார்க்கும் இடங்களில் மேசைமேல் ஒரு குடுவையோ வாளியோ இருக்கும், துப்புவதற்கு. விருந்தாளி வீட்டில் துப்புவதா என்று நம்மவர்கள் கூசி விழுங்கிவிடுவார்கள். ஒயின் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் துப்புகிறவர்கள்தான். துப்பினால்தான் உங்களை மதிப்பார்கள். விழுங்கியே ஆக வேண்டும் என்றால் அன்றைய ஓட்டம் முடிந்த பிறகு, தங்கும் ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதானால் கடைசி நாள் வாங்குங்கள். ஒரு பாட்டில் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் இருக்கும். முதல் நாள் பொமாரில் ஆசைப்பட்டு மூன்று பாட்டில் வாங்கினால், மாக்கோன் வரை அதைச் சுமக்கப்போவது உங்கள் முழங்கால். வாங்கியதைத் துணியில் சுற்றிப் பக்கவாட்டுப் பையின் அடியில் நிற்கவையுங்கள். டி.இ.ஆர். ரயிலில் சைக்கிளைக் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கவிட வேண்டியிருந்தால், தூக்குவதற்கு முன்பே பையைக் கழற்றிவிடுங்கள்.